செங்கோட்டை வீட்டில் ஒரு பெரிய மாடுலர் சிந்தசைஸர்: ஆரம்பிப்பவர்களுக்கு

சிந்தசைஸர் என்றால் கல்யாணக் கச்சேரி கீபோர்டு என்றுதான் நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். மாடுலர் அப்படி அல்ல. கறுப்பு வெள்ளைக் கட்டைகளே இல்லாமலும் இருக்கலாம். ஒரு பலகை சத்தத்தைப் பிறப்பிக்கும், இன்னொன்று அதன் கூர்மையைச் சீவும், இன்னொன்று ஏற்றி இறக்கும். இவற்றை நீங்களே வயரால் இணைக்க வேண்டும். இணைப்பை மாற்றினால் வாத்தியமே மாறிவிடும்.

அமெரிக்காவில் 1960களில் ராபர்ட் மூக் ஒரு பக்கமும் டான் பூக்லா இன்னொரு பக்கமும் தனித்தனியாக இதைச் செய்தார்கள். இந்தியாவுக்கும் இது புதிதில்லை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969இலேயே ஒரு மூக் சிந்தசைஸர் வந்து இறங்கியிருக்கிறது. நாம்தான் கொஞ்சம் தாமதம்.

இன்று வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் யூரோராக் அளவைப் பின்பற்றுகிறார்கள். ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்த அளவு இது. பலகை உயரம் 128.5 மி.மீ. அகலத்தை எச்.பி. என்று எண்ணுவார்கள். ஒரு எச்.பி. 5.08 மி.மீ. பவர் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட். நானும் இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் கணக்கு, அப்புறம் கடை

ஆரம்பத்தில் நான் நேராக ட்ரான்ஸ்பார்மர் சுற்றும் அண்ணாச்சி கடைக்குப் போய் நின்றேன்.

"எம்புட்டு கரண்டு வேணும்டே?" என்றார்.

"தெரியல அண்ணாச்சி, பெருசா ஒண்ணு கொடுங்க."

"பெருசுன்னு ஒரு அளவு கிடையாதுடே. கணக்குப் போட்டுட்டு வா."

எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். சத்தம் வரும் பலகையை முதலில் செய்யத்தான் கை துடிக்கும். பத்துப் பலகை சேர்ந்ததும் எல்லாவற்றிலும் 'உம்ம்ம்' என்று இரைச்சல் வரும். அப்போது பவரைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குள் உயிர் போய்விடும். பெரிய சிந்தசைஸரில் கஷ்டமான இடம் கரண்டும் கிரவுண்டும் (எல்லாப் பலகைக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் வயர்) தான். பலகைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்ளும்.

எளிய பலகை ஒன்று 20 முதல் 50 மில்லி ஆம்ப் இழுக்கும். 84 எச்.பி. வரிசை, அதாவது சுமார் 427 மி.மீ., பத்துப் பலகை பிடிக்கும். ஒன்றுக்கு 40 வைத்தாலும் 400 மில்லி ஆம்ப். வரிசைக்கு 600 மில்லி ஆம்ப் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கு வரிசை வேண்டுமென்றால் ஒரே ராட்சத பவர் சப்ளை வேண்டாம், வரிசைக்கு ஒன்றாக நான்கு. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் பாடும். அவற்றின் கிரவுண்டுகளை மட்டும் ஒன்றாக இணைக்க வேண்டும். ஒரு வரிசையின் பிளஸ் 12ஐ இன்னொரு வரிசையின் பிளஸ் 12உடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பவர் சப்ளை

ஒரு வரிசைக்கு வேண்டியவை: 15-0-15 வோல்ட், 2 ஆம்ப் ட்ரான்ஸ்பார்மர் ஒன்று, பிரிட்ஜ் டயோடு ஒன்று, 4700 மைக்ரோ 35 வோல்ட் கண்டென்சர் இரண்டு, பிளஸ் 12ஐ நிலையாகத் தரும் ரெகுலேட்டர் 7812 ஒன்று, மைனஸ் 12க்கு 7912 ஒன்று, ஹீட்சிங்க், அரை ஆம்ப் ஃப்யூஸ், மூன்று முள் பிளக்.

வேண்டியது 12 வோல்ட்தானே, 12-0-12 போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் சுமார் 17. டயோடு கொஞ்சம் தின்றுவிட்டால் 16 சொச்சம். 7812 ஒழுங்காக வேலை செய்ய 14 வோல்ட்டாவது உள்ளே போக வேண்டும். 230 வோல்ட் வரும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் கோடை மாலைகளில் மீட்டர் 190 காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது உள்ளே போவது 13 சொச்சம்தான். உடனே இரைச்சல் ஆரம்பிக்கும். 15-0-15 என்றால் 190இலும் 16க்கு மேல் நிற்கும். பதிலுக்குச் சூடு அதிகம்: முழு வோல்ட்டேஜில் ரெகுலேட்டர் ஒவ்வொன்றும் 5 வாட் வரை சூடாகும். ஹீட்சிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இடம் இது. எழுத்துள்ள முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 7812இன் கால்கள் இடமிருந்து வலமாக உள்ளே, கிரவுண்ட், வெளியே. 7912 அப்படி இல்லை: கிரவுண்ட், உள்ளே, வெளியே. முதுகில் இருக்கும் உலோகத் தகடும் வேறு. 7812இல் அது கிரவுண்ட், 7912இல் அது உள்ளே வரும் மைனஸ் வோல்ட். இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மைக்கா இல்லாமல் முடுக்கினால் நேராக ஷார்ட். மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு, முடுக்கியபின் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சவுண்ட் சர்வீஸ்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் வயரில் சீரியலாகப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கிவிட்டு மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே பிடுங்குங்கள். 230 வோல்ட் பக்கம் பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எர்த் கட்டாயம். துலாவருஷ (ஐப்பசி மழை) மாதங்களில் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவதும் கட்டாயம்.

இங்கிருந்து பலகைகளுக்குப் போகும் கிரவுண்ட் வயர் தடிமனாக இருக்கட்டும். எல்லாக் கிரவுண்டும் கண்டென்சர் பக்கம் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாலை கட்டினால், ஒன்று இழுக்கும் கரண்ட் மற்றதில் சத்தமாகக் கேட்கும்.

பெட்டி

தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. எங்கள் பக்கம் ஆஞ்சிலிப் பலகை கிடைக்கும், பிளைவுட்டும் போதும். அலுமினிய ரயில் கிடைக்காவிட்டால் மரச்சட்டம் அடித்து, பலகைகளை மர ஸ்குருவால் முடுக்கிவிடலாம். முன்பலகைக்கு, போர்டு எழுதும் கடைகளில் மிஞ்சும் ஏ.சி.பி. (இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) துண்டுகள் மலிவு, துளை போடவும் சுலபம். ஆனால் அது 3 மி.மீ. தடிமன் என்பதால் சில 3.5 மி.மீ. ஜாக்குகளின் மரை வெளியே நட்டு மாட்டும் அளவுக்கு நீளாது. ஜாக்கைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காலியாக இருக்கும் இடங்களை மூடிவையுங்கள். பல்லி வரும். பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் உண்டு. 230 வோல்ட் முனையில் விழுந்தால் என்ன பலன் என்பதை நான் ஃப்யூஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் சத்தம்

இதற்கு ஒரு ஐ.சி. போதும்: சி.டி.40106. டாட் போர்டில் ஐ.சி. பேஸ் வைத்துச் செய்யுங்கள். 14ஆம் காலுக்கு பிளஸ் 12, 7ஆம் காலுக்கு கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவே 100 நானோ கண்டென்சர் ஒன்று. 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 100 நானோ. 1க்கும் 2க்கும் இடையில் 10 கே ரெசிஸ்டரும் 1 மெக் வால்யூம் கன்ட்ரோலும் சீரியலாக. பயன்படுத்தாத 3, 5, 9, 11, 13 கால்களை கிரவுண்டில் கட்டுங்கள்.

2ஆம் காலில் சதுர அலை வந்துவிட்டது. திருகினால் பத்து ஹெர்ட்ஸ் அளவிலான டக்டக்கிலிருந்து ஆயிரத்தை ஒட்டிய கீச்சு வரை போகும். ஆனால் இது 12 வோல்ட் சத்தம், அப்படியே ஆம்ப்ளிஃபயரில் செருகாதீர்கள். 1 மைக்ரோ கண்டென்சர், பிறகு 100 கே, அதன் முடிவிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே. அந்தச் சந்திப்பில் எடுத்தால் சுமார் 1 வோல்ட் வரும், ஆக்ஸில் கொடுக்கலாம்.

இப்படிச் சத்தத்தைப் பிறப்பிக்கும் பகுதிக்கு ஆசிலேட்டர் என்று பெயர். அதே ஐ.சி.யில் இன்னும் ஐந்து மிச்சம் இருக்கின்றன. இரண்டை ஏறக்குறைய ஒரே சுருதியில் வைத்துக் கேளுங்கள். நாகஸ்வரமும் ஒத்தும் சேரும்போது வருமே, அந்த அலையடிப்பு கேட்கும்.

தாளம் போடும் பலகை

எனக்கு மிகவும் பிடித்த பலகை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். சி.டி.4017 பத்து வரை எண்ணும் ஐ.சி. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் பத்து வெளியீடுகளில் ஒன்று மட்டும் உயரும். 16ஆம் கால் பிளஸ் 12, 8ம் 13ம் கிரவுண்ட். துடிப்பு 14ஆம் காலில். அதற்கு 40106இன் இன்னொரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 3ஆம் காலை கிரவுண்டிலிருந்து விடுவித்து, அதில் 100 நானோவுக்குப் பதில் 1 மைக்ரோ கண்டென்சர் போட்டு, 3க்கும் 4க்கும் இடையில் அதே மாதிரி ரெசிஸ்டரும் கன்ட்ரோலும். நொடிக்கு ஒரு தட்டு வரை மெதுவாக்கலாம்.

வெளியீடுகள் வரிசையாக இருக்காது: 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11 என்ற கால்களில் வரும். 15ஆம் கால் ரீசெட். அதில்தான் தாளம் இருக்கிறது. ஒன்பதாவது வெளியீடான 9ஆம் காலை 15உடன் இணைத்தால் எட்டுக்குப் பின் முதலுக்குத் திரும்பும், ஆதி தாளம். 6ஆம் காலை இணைத்தால் ஏழு, மிஸ்ர சாபு. 1ஆம் காலை இணைத்தால் ஐந்து, கண்ட சாபு. நான் இதற்கு ஒரு ரோட்டரி சுவிட்ச் வைத்து, கடைகளில் விற்கும் இந்த வகைப் பலகைகளில் எட்டும் பதினாறும் தவிர வேறு எண்ணே இருக்காதோ என்ற கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் 270 கே, அதன் பின் 100 கே கன்ட்ரோல், அதன் மறுமுனை கிரவுண்ட். நடுக்காலிலிருந்து 1என்4148 டயோடு. எல்லா டயோடுகளின் கோடு போட்ட முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, கிரவுண்டுக்கு 1 மெக். அங்கே வரும் வோல்ட்டை டி.எல்.072 பஃபர் (வோல்ட்டை மாற்றாமல் அப்படியே கடத்தும் ஐ.சி.) வழியாக வெளியே எடுங்கள். ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு ஸ்வரம் வைக்க இப்போது ஒரு திருகு இருக்கிறது.

சுருதி சேர்ப்பது

அந்த வோல்ட்டுக்குக் கட்டுப்படும் ஆசிலேட்டர் 40106 அல்ல. அதற்கு ஏ.எஸ்.3340 ஐ.சி.யைப் பரிந்துரைப்பேன். வழக்கம் இதுதான்: 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே. அப்படியானால் ஓர் அரை ஸ்வரத்துக்கு 83.3 மில்லி வோல்ட். டேட்டாஷீட்டில் உள்ள படத்தை அப்படியே கட்டுங்கள். மைனஸ் காலுக்கான ரெசிஸ்டரை மறந்தால் ஐ.சி. போய்விடும்.

டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நாமே கட்டலாம்தான். ஆனால் டிகிரிக்கு 0.33 சதவீதம் அளவு விலகும். பத்து டிகிரி மாறினால் மூன்று ஸ்தாயி தள்ளி இருக்கும் ஸ்வரம் அரை ஸ்வரத்துக்கு மேலேயே தப்பிவிடும். மதியம் வெயில், நான்கு மணிக்கு ஆரியங்காவு கணவாய்க் காற்றோடு சாரல் என்று இருக்கும் ஊரில் அது சரிப்படாது. 3340க்குள் வெப்ப ஈடு இருக்கிறது.

சுருதிப் பெட்டியை ஆறு கட்டையில் வையுங்கள். ஆசிலேட்டருக்கு மல்டிமீட்டரில் சரிபார்த்த 1.000 வோல்ட் கொடுத்து, பெரிய திருகால் அதனோடு சேருங்கள். அலையடிப்பு நிற்கும்வரை. பிறகு 2.000 கொடுங்கள். மேல் ஷட்ஜம் சரியாக விழாவிட்டால் ஸ்தாயி அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகான ஸ்கேல் டிரிம்மரைத் துளி திருப்பி, மறுபடி 1 வோல்ட்டுக்கு வந்து சேருங்கள். ஏழெட்டு முறை போய் வர வேண்டியிருக்கும். போட்டு அரை மணி நேரமாவது ஆனபிறகு செய்யுங்கள், குளிர்ந்த பெட்டியில் சேர்த்த சுருதி நிற்காது.

அடுத்தது

கூர்மையைச் சீவும் ஃபில்டர், சத்தத்தை ஏற்றி இறக்கும் வி.சி.ஏ., ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப் என்று வரிசை நீளும். எல்.எம்.13700 ஒன்றை வைத்துக்கொண்டே ஃபில்டரும் வி.சி.ஏ.வும் செய்யலாம். ஒவ்வொரு பலகையையும் பெட்டியில் மாட்டுவதற்கு முன் தனியாகச் சோதியுங்கள், இழுக்கும் கரண்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் என்பது யூரோராக் வழக்கம். நான் ஒரு இரவு தூக்கக் கலக்கத்தில் திருப்பிச் செருகி நான்கு ஐ.சி.களை வறுத்தேன், ஒரு வாரம் அறையில் வாசனை போகவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு பலகையிலும் இரண்டு 1என்5817 டயோடு போடும் புத்தி வந்தது.

நோட்டில் என் முதல் வரிசை இப்போது 570 மில்லி ஆம்ப் காட்டுகிறது. அண்ணாச்சி கடையில் இரண்டாவது 15-0-15 சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.