படம் பளிச்சிட்டால் ஆக்சிஜனேற்ற அழுத்தம்தானா? எம்ஆர்ஐ உலோக மருந்துகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்றிகள் மிகுந்துவிடும் நிலையை, எம்ஆர்ஐயில் காட்டுவதற்காக இரும்பு, மாங்கனீசு கான்ட்ராஸ்ட் மருந்துகளை (படத்தில் திசுவைத் துலக்கிக் காட்ட உடலில் செலுத்துபவை) உருவாக்குகிறார்கள். ஆக்சிஜனேற்றம் நடந்ததும் உலோக அயனியின் நிலை மாறும். அதோடு படத்தின் பிரகாசமும் மாறும். யோசனை அருமையானது. ஆனால் படம் பளிச்சென்று வந்ததுமே மருந்து வேலை செய்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு.

ஏன்? பிரகாசத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: மருந்தின் ரிலாக்சிவிட்டி (குறிப்பிட்ட செறிவில் அது சிக்னலை மாற்றும் திறன்), அந்த இடத்தில் அதன் செறிவு. ரிலாக்சிவிட்டி 3 உள்ள மருந்து 0.1 மில்லிமோலார் இருந்தாலும், ரிலாக்சிவிட்டி 1 உள்ளது 0.3 மில்லிமோலார் இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: 0.3. அழற்சி உள்ள திசுவில் ரத்தக்குழாய்கள் கசியும். எந்த மருந்தும் அங்கே கூடுதலாகத் தேங்கும். அப்படியானால் நாம் பார்ப்பது ஆக்சிஜனேற்றமா, வெறும் கசிவா? இதைப் பிரித்தறிய, அமைப்பில் அதைப் போலவே இருந்தும் ஆக்சிஜனேற்றத்துக்கு அசையாத இணை மருந்து ஒன்றை அதே அளவில் செலுத்தி ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத படத்தை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது சோதனைக்குழாய் தரும் மயக்கம். அங்கே ஆக்சிஜனேற்றியான ஹைட்ரஜன் பெராக்சைடை மில்லிமோலார் கணக்கில் ஊற்றுகிறோம். செல்லுக்குள் அது பொதுவாக நானோமோலார் (மில்லிமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். மாறாக, ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான ஒடுக்க வேலையைச் செய்யும் குளுட்டாதயோன் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதியுங்கள். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் சிக்னல் அடங்குகிறதா என்றும் பாருங்கள். இரும்பு(2), அதாவது இன்னும் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய நிலையிலுள்ள இரும்பு கொண்ட மருந்து என்றால் காற்றிலுள்ள ஆக்சிஜனே அதை முன்கூட்டி மாற்றிவிடலாம், கவனம்.

அப்புறம், இப்படிப்பட்ட பல மருந்துகள் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அவை சொல்வது செல்லுக்கு வெளியே நடப்பதை. ரிலாக்சிவிட்டியும் காந்தப்புலத்தைப் பொறுத்து மாறும், 1.4 டெஸ்லாவில் அளந்ததை 7 டெஸ்லாவுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

பாதுகாப்பைக் கடைசி வரை தள்ளிப் போடாதீர்கள். மாங்கனீசு(2) தன்னைப் பிடித்திருக்கும் மூலக்கூறிலிருந்து எளிதில் நழுவும். நழுவிய மாங்கனீசு அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். ஆகவே மருந்தின் உறுதியை உலோகத்தின் இரண்டு நிலைகளிலும் சோதிக்க வேண்டும். இரும்பிலோ ஃபென்டன் வினை உண்டு: பெராக்சைடோடு சேர்ந்து, செல்லைத் தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை உண்டாக்கும். அளக்கப் போன மருந்தே அழுத்தத்தைக் கூட்டுகிறதா என்று தெரிய, மருந்து மட்டும் செலுத்திய நலமான திசுவில் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தை (அழுத்தம் விட்டுச்செல்லும் சேதத்தின் அடையாளம்) முதலில் அளந்துவிடுங்கள்.