அகோஸ்தினியா, ரோஸியா, மார்க்கேஸா: காலம் கடந்த ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை அருகே செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் பலர் சோதனைச் சாவடியைத் தாண்டி பைக்கிலேயே வந்து சேர்வதுண்டு. திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், உள்ளூர்ப் பந்தயத்தில் தொடங்கிய பேச்சு, மோட்டார் சைக்கிள் பந்தய உலகச் சாம்பியன்களில் அகோஸ்தினி பெரியவரா, ரோஸி பெரியவரா, மார்க்கேஸ் பெரியவரா என்பதில் வந்து நிற்கும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த மூத்தவர்கள் ஒருவரைச் சொல்வார்கள். கேபிள் டிவி காலத்தவர்கள் வேறொருவரைச் சொல்வார்கள். இந்த ஒப்பீடு வீண் என்று நான் கருதவில்லை. ஆனால் பெரும்பாலும் அது தவறான கணக்கில் தொடங்கிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மொத்த எண்ணிக்கையை அப்படியே எடுத்து வைப்பது. ஜியாகோமோ அகோஸ்தினிக்கு 15 உலகப் பட்டங்கள், 122 வெற்றிகள். வாலன்டினோ ரோஸிக்கு 9 பட்டங்கள், 115 வெற்றிகள். 2025இல் மீண்டும் பட்டம் வென்ற மார்க் மார்க்கேஸுக்கும் 9 பட்டங்கள். ஆனால் அகோஸ்தினியின் பட்டங்களில் 8 மட்டுமே 500 சிசி பிரிவில் வந்தவை. மீதி 7 பட்டங்கள் 350 சிசி பிரிவைச் சேர்ந்தவை. ஒரே வீரர் ஒரே நாளில் இரண்டு பிரிவுகளிலும் ஓட்டி, ஓராண்டிலேயே இரண்டு பட்டங்களை வெல்லக்கூடிய காலம் அது. 1985இல் 250, 500 சிசி இரண்டையும் கைப்பற்றிய ஃப்ரெடி ஸ்பென்சருக்குப் பிறகு அப்படி வென்றவர் எவருமில்லை. 500 சிசியின் இடத்தில் வந்த இன்றைய பெரிய பிரிவான மோட்டோஜிபியில் ஓட்டுபவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. பெரிய பிரிவை மட்டும் எடுத்தால் ரோஸிக்கு 89 வெற்றிகளும் அகோஸ்தினிக்கு 68 வெற்றிகளும் நிற்கின்றன. அதைச் சொன்னவுடன் ரோஸி பக்கத்தார் கைதட்டக்கூடும். ஆனால் 1968இல் 500 சிசி பிரிவில் நடந்த பந்தயங்கள் 10தான், 2025இல் மோட்டோஜிபி பந்தயங்கள் 22. ஆங்கெல் நியெட்டோவின் 13 பட்டங்களோ முழுவதும் 50, 125 சிசி சிறு வண்டிகளில் பெற்றவை. அவற்றைத் தள்ளிவிடவும் கூடாது, 500 சிசி பட்டங்களோடு ஒன்றாகக் கூட்டவும் கூடாது.

அடுத்தது வண்டியைப் பற்றியது. 1968இல் அகோஸ்தினி 500 சிசியின் பத்துப் பந்தயங்களையும் 350 சிசியின் ஏழு பந்தயங்களையும் வென்றார். அந்தப் பருவத்துக்கு முன்பே ஹோண்டாவின் தொழிற்சாலை அணி விலகிவிட்டதால், அகோஸ்தினியின் எம்வி அகுஸ்டா வண்டிக்கு எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் சொந்தச் செலவில் பழைய வண்டிகளில் ஓட்டியவர்கள். இதைக் கொண்டு “எதிரியே இல்லாமல் வென்றவர்” என்று முடிவு கட்டுவதும் அவசரமே. முந்தைய ஆண்டில், ஹோண்டாவில் வந்த மைக் ஹெய்ல்வுட்டும் அவரும் ஆளுக்கு ஐந்து பந்தயங்களை வென்று, புள்ளிகளிலும் சமமாக நின்று, இரண்டாம் இடங்கள் கூடுதலாக இருந்ததால் மட்டுமே பட்டம் அகோஸ்தினிக்குப் போனது. ஒரு வீரரை எடைபோட அவருடைய எளிதான ஆண்டை விட இத்தகைய ஆண்டே உதவும்.

வண்டியின் பங்கைப் பிரித்துப் பார்க்க ஓரளவு நம்பத்தக்க வழி, அதே ஆண்டில் அதே வண்டியை ஓட்டிய அணித் தோழரோடு ஒப்பிடுவது. கரியில் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி வண்டிகளை வைத்து நடத்தும் ஒன்-மேக் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2007இல் டுகாட்டியில் கேசி ஸ்டோனர் 10 பந்தயங்களை வென்றபோது, அணித் தோழர் லோரிஸ் கபிரோஸி ஒன்றை மட்டுமே வென்றார். 2011, 2012 இரண்டு ஆண்டுகளும் அதே அணியில் ஓட்டிய ரோஸியால் ஒரு பந்தயத்தையும் வெல்ல முடியவில்லை. ஆயினும் இந்த அளவுகோலும் முழுமையானதன்று. ஒருவர் கைக்கு இணங்கும் வண்டி மற்றவருக்கு இணங்காமல் போவதுண்டு. 2024இல் 11 பந்தயங்களை வென்ற டுகாட்டி வீரர் பக்னாயா, அடுத்த ஆண்டில் மார்க்கேஸின் அணித் தோழராக இரண்டை மட்டுமே வென்றார் என்பதால், அவர் ஓராண்டில் ஓட்டக் கற்றதை மறந்துவிட்டார் என்று பொருளாகாது.

புள்ளிகளைக் காலம் தாண்டி ஒப்பிடுவது அறவே பயனற்றது. 1960களில், 1968 வரை, வெற்றிக்கு 8 புள்ளிகள், சிறந்த சில முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். இன்று வெற்றிக்கு 25, அதற்கு மேல் 2023 முதல் சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தின் புள்ளிகள் வேறு. அதே 2024இல் மூன்று பந்தயங்களை மட்டுமே வென்ற ஹோர்ஹே மார்ட்டின், பக்னாயாவை முந்திப் பட்டம் பெற்றதை நினைத்துப் பாருங்கள்.

சுற்று நேரமும் அப்படியே. நெதர்லாந்தின் அசென் டிராக் 1983 வரை 7.7 கிலோமீட்டர், 2006 முதல் 4.5 கிலோமீட்டர். பெயர் ஒன்றென்பதால் டிராக்கும் ஒன்றாகிவிடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் நாளில் கரியில் எடுத்த நேரத்தை மார்கழி நேரத்தோடு வைத்துப் பேச நம் ஊர் மெக்கானிக் எவரும் ஒப்பமாட்டார். ஆபத்தும் இதில் சேரும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஐல் ஆஃப் மேன் மலைச் சாலை 1976 வரை உலகப் பட்டப் பந்தயமாக இருந்தது. 1972இல் ஜில்பெர்டோ பார்லோட்டி என்ற வீரர் அங்கே பந்தயத்தில் இறந்தார்; அந்த ஆண்டுக்குப் பிறகு அகோஸ்தினி அங்கே பந்தயம் ஓட்டவில்லை. கல்சுவர்களுக்கு நடுவே, எவ்வளவு வேகத்தை மிச்சம் வைப்பது என்று அறிந்து ஓட்டியவரை, சறுக்கினால் சரளைப் பரப்பில் எழுந்து நடக்கும் காலத்து வீரரின் துணிச்சலால் அளக்க முடியாது.

“இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது” என்பது மூத்தவர்களின் வழக்கமான முடிவு. 2016 முதல் மோட்டோஜிபியில் எல்லா வண்டிகளின் எஞ்சின் கட்டுப்பாட்டுக்கும் ஒரே மென்பொருள்தான் என்பதால், அந்த உதவி இன்று எல்லோருக்கும் பொது.

கடைசியாக, வாழ்க்கை நீளம். 432 பந்தயங்களில் 115 வெற்றி என்று ரோஸியின் விகிதத்தைக் கணக்கிட்டால் அவருக்கு அநீதி. 2010 முதல் 2021 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் அவர் வென்றவை 12தான். 1999இல் விபத்தால் ஓட்டம் நின்றுபோன 500 சிசி சாம்பியன் மிக் டூஹனுக்கு அப்படித் தேயும் ஆண்டுகளே வாய்க்கவில்லை. இருவருடைய உச்சப் பருவங்களை மட்டும் எடுப்பதே நேர்மை. டூஹன் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள், 71 பந்தயங்களில் 44 வெற்றிகள். ரோஸி 2001 முதல் 2005 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள், 81 பந்தயங்களில் 51 வெற்றிகள். வெற்றி விகிதத்தில் 62 சதவீதத்துக்கும் 63 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடுதான். டூஹன் ஐந்தையும் ஹோண்டாவில் வென்றார். ரோஸியின் கடைசி இரண்டு, ஹோண்டாவை விட்டு யமஹாவுக்குப் போய் வென்றவை.