இளநிலை மாணவர் ஆய்வு: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பகுதிகளில் பி.எஸ்சி., பி.இ. படிப்போரில், குறிப்பாகத் தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போவோரில், ஆய்வு என்பது முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்த பிறகே தொடங்குவது என்று எண்ணுவோர் பலர். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கலாம். அதற்கான வழி இது.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள். ‘நீர் மாசு’ என்பது தலைப்பே தவிரக் கேள்வியன்று. ‘பாலாற்றங்கரைக் கிணறுகளில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் அளவு மழைக்கு முன்னும் பின்னும் மாறுகிறதா?’ என்பது ஒரு கல்விப் பருவத்திற்குள் ஓரளவேனும் விடை காணக்கூடிய கேள்வி. தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்டது. ஆறு இணைதிறன் கொண்ட வடிவமே மிகுந்த நச்சுடையது. இராணிப்பேட்டையிலோ, தோல் தொழிலோடு குரோமேட் (ஆறு இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு) ஆலைக் கழிவும் சேர்ந்த வரலாறு உண்டு. நீரை அமிலமாக்கி டைபினைல்கார்பசைடு என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த நச்சு வடிவம் செவ்வூதா நிறம் காட்டும். நிறத்தின் செறிவை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து குரோமியத்தின் அளவைக் கணக்கிடலாம். இதற்கு, நிறச் செறிவை அளக்கும் நிறமானி என்ற கருவியும், அமிலத்தைக் கையாளும்போது அருகில் நிற்கும் ஓர் ஆசிரியரும் போதும். இயற்பியல் மாணவர் வானியலிலும் கேள்வி தேடலாம்; 2.34 மீட்டர் விட்ட ஆடியுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலைக் காவலூரிலேயே இருக்கிறது.

அடுத்தது, பேராசிரியரிடம் ஆய்வு வாய்ப்புக் கேட்கும் கடிதம்; பலர் தவறுவது இங்கேதான். ‘தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்’ என்று தொடங்கி நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே நகலை அனுப்பினால், அதை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. ஒருவரைத் தேர்ந்து, அவருடைய கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையேனும் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஐயம், உங்கள் கேள்வி, நீங்கள் ஒதுக்கக்கூடிய வாரங்கள், உங்களை அறிந்த ஆசிரியரின் பெயர் ஆகியவற்றைப் பத்து வரிகளுக்குள் எழுதுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்திற்கு அஞ்ச வேண்டாம். சிறு வாக்கியங்கள் போதும், அலங்காரந்தான் ஆகாது.

இதனுடன் முறையான திட்டங்களுக்கும் விண்ணப்பியுங்கள். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதத்திற்கானது, சென்னை ஐ.ஐ.டி.யும் கோடைத் திட்டம் நடத்துகிறது. கோடைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும் என்பதால், தீபாவளி விடுமுறையிலேயே அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குவது நல்லது. இறுதியாண்டினர் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்கு, வழிகாட்டும் ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம். பணம் கட்டினால் ‘ஆய்வுப் பயிற்சிச் சான்றிதழ்’ தருவதாக வரும் அழைப்புகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்; அங்கே விற்கப்படுவது தாள்.

ஆய்வு செய்ய இடம் கிடைத்தால், முதல் நாளே தைத்த குறிப்பேடு ஒன்றை வாங்குங்கள். மாதிரி எடுத்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை அப்போதைக்கப்போது பேனாவால் எழுதி, தவறியதை அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்து, அருகில் காரணத்தையும் குறித்து வையுங்கள்.