பழைய பிஸ்டல் மேகசின் உடைந்தால்

பழைய ஜெர்மன் லூகர் போன்ற பிஸ்டல்களின் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி, உடைந்துவிட்டால், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். பிஸ்டலில் உள்ள அதே எண் மேகசினின் அடிக்கட்டையிலும் பொறித்திருந்தால் சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மதிப்பு.

முதலில் மேகசினைக் கழற்றி, பிஸ்டலிலும் மேகசினிலும் ஒரு தோட்டாகூட இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். அப்புறம் ஒரு போட்டோ. ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது பிறகு சத்தியமாக நினைவிருக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு, அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசியை மெதுவாகத் தட்டி எடுங்கள். ஸ்பிரிங் துள்ளிவிடும், கட்டைவிரலால் அழுத்தியே வையுங்கள்.

ஆரம்பகால லூகர் மேகசின்களில் அடிக்கட்டை மரம். விரிசல் விட்டிருந்தால் மரப்பசையை உள்ளே இறக்கி, துணி சுற்றி, மெல்ல இறுக்கி ஒரு நாள் விடுங்கள். வழிந்த பசையை ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், எண் தேய்ந்து போகும்.

தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது இரண்டு நாள் வைத்தியம். புதியதைப் போடுங்கள், பழையதைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பில் விரிசல் என்றால் நீங்களே பற்றவைக்கப் போகாதீர்கள். சூடு பட்டால் தகட்டின் உறுதி போய்விடும். அது துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வேலை.

கடைசியில், வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை வைத்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.