சட்டைக் கழுத்துக்குப் பெகினீஸ் தையல்

றேந்தை வைக்காமலே றேந்தை வைத்த தோற்றம் வேண்டுமென்றால் பெகினீஸ் தையல் போதும். சீனத்துப் பழைய பட்டு வேலைகளில் இதைக் காணலாம். பார்வைக்குத்தான் சிக்கல்; அடியில் இருப்பது வெறும் பின்தையல், அதாவது ஊசி ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னே திரும்பிப் போடும் கோடு. அதற்குள் இரண்டாவது நூலொன்று துணியைக் குத்தாமல் வளைந்து ஓடுகிறது.

பழகுவதற்கு ஒரு பொப்ளின் துண்டு, மர வளையம், இரண்டு நிறத்தில் ஆறிழை நூல், ஒரு கூரான ஊசி, 24ஆம் இலக்க மொட்டை ஊசி. மொட்டை ஊசி இல்லாவிட்டால் சாதாரண ஊசியின் காதுப் பக்கத்தை முன்னே விட்டுக் கோர்த்துச் செல்லுங்கள். யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் நூல் வாங்கப் போனால், கோர்க்கும் நிறத்தில் ஒரு கட்டைக் கூடவே வாங்குங்கள். பிறகு வாங்கும் கட்டு அதே இலக்கமாக இருந்தாலும் நிறம் சற்று மாறக்கூடும்.

மூன்று இழையில், வலமிருந்து இடமாகப் பின்தையல் போடுங்கள். தையல் ஒவ்வொன்றும் 4 மில்லிமீற்றர், வளைவில் 3. வேலையின் வடிவு முழுக்க இந்த அளவில்தான் இருக்கிறது. ஒன்று நீண்டால் அதற்கு மேல் வரும் நூல் வளையமும் நீண்டு பல்லிளிக்கும். நூலை இறுக்கி இழுக்கவும் வேண்டாம், அடியால் ஊசி நுழையாது.

கோர்க்கும் நூல் ஆறு இழை. கோட்டின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு வெட்டுங்கள். 10 சென்ரிமீற்றருக்கு 50. இது இடமிருந்து வலமாகப் போகும். இடது முனையில் ஊசியை மேலே எடுங்கள். இரண்டாவது தையலின் அடியால் கீழிருந்து மேலே விடுங்கள். பின்னால் திரும்பி, முதலாவது தையலின் அடியால் மேலிருந்து கீழே இறக்குங்கள்; வெளியே வரும் ஊசி, முன்பு போன நூலுக்கு மேலாக வரவேண்டும். கீழாக வந்தால் பின்னல் விழாது. அடுத்து மூன்றாவதில் ஏறி இரண்டாவதில் இறங்குங்கள், நான்காவதில் ஏறி மூன்றாவதில். கடைசித் தையல் முடியும் இடத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கிப் பின்பக்கம் முடியுங்கள்.

வளையத்தை ஒவ்வொன்றாக அப்போதைக்கப்போதே சரிசெய்ய வேண்டும். மூன்று நான்கு கடந்த பிறகு இழுத்தால் கடைசியாகப் போட்டதுதான் சுருங்கும், முந்தியவை அசையாது. விரல் நகத்தால் மேல் வளையத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கத்தை மட்டும் இழுத்தால் உயரம் ஒரேயளவாக வரும். வளையம் மெலிந்து திரிபோலத் தெரிந்தால் நூல் முறுகியிருக்கிறது. ஊசியைத் தொங்கவிட்டால் தானாகச் சுழன்று முறுக்கு அவிழும். வழியில் எங்காவது ஊசி துணியைக் கவ்வினால் அந்த வளையம் மட்டும் படுத்துவிடும். அதைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வளையங்கள் புடைப்பது கோட்டின் மேல்பக்கம். ஆகையால் வட்டக் கழுத்தில் அந்தப் பக்கத்தை வெளியே வைத்தால் விரிந்து நிற்கும், உள்ளே வைத்தால் நெருக்குப்படும். கைவிளிம்புக்கு இது சரிவராது. வளையலிலும் மணிக்கூட்டிலும் கொழுவும். கழுவும்போது தேய்க்காமல் அலசி, தடித்த துவாயின் மேல் முகத்தைக் கீழே கவிழ்த்து ஸ்திரி போடுங்கள்.