பழைய டர்போ 350 கியர்பாக்ஸில் 5.3 எல்எஸ் எஞ்சினை மாட்டுவது எப்படி

என்னிடம் இருப்பது 1969 செவ்ரோலெட் சி10 பிக்கப். எஞ்சின் போய்விட்டது, ஆனால் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருந்தது. அதனால் அடிபட்ட சில்வரடோ பிக்கப் ஒன்றிலிருந்து 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சினை (செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜிஎம்-இன் எல்எஸ் வகை வி8) எடுத்து அதோடு சேர்த்தேன். எஞ்சின் இறக்குவது, மவுண்ட் மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், இரண்டும் சேரும் இடத்தை மட்டும் பார்ப்போம்.

முதலில் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு. ஆறு துளைகளில் ஐந்து நேராக உட்காரும். மேலே ஒன்றுக்கு எஞ்சினில் துளையே கிடையாது, விட்டுவிடலாம், பயமில்லை. பழைய போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள், அது 3/8 அங்குல மரை, எல்எஸ் பிளாக்கில் எம்10.

அடுத்ததுதான் முக்கியம். துளைகள் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து எஞ்சினோடு வந்த ஃப்ளெக்ஸ் பிளேட்டையே (எஞ்சினின் கிராங்க் தண்டையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) மாட்டினேன். கொஞ்ச நாளில் வண்டிக்குக் கீழே சிவப்பு எண்ணெய். கழற்றினால் கியர்பாக்ஸின் முன் சீல் போயிருந்தது, பம்ப் புஷ் (எண்ணெய் பம்ப்பில் கன்வெர்ட்டரைத் தாங்கும் வளையம்) ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. காரணம், எல்எஸ் கிராங்க்கின் பின்முகம் பழைய ஸ்மால் பிளாக் செவ்ரோலெட் எஞ்சினில் இருப்பதைவிட 0.4 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது. எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்க்கின் நடுக்குழிக்குள் உட்கார்ந்தால்தான் அது மையம் பிசகாமல் சுற்றும். எனக்கு மூக்கு குழியை எட்டவே இல்லை, கன்வெர்ட்டரின் பாரம் முழுக்க பம்ப் புஷ்மேல் விழுந்திருக்கிறது.

இதற்கு அந்த 0.4 அங்குலத்தை நிரப்பும் ஒரு ஸ்பேசர், தட்டையான ஃப்ளெக்ஸ் பிளேட், நீளமான போல்ட்டுகள் வேண்டும். மூன்றும் ஜிஎம் பாகமாகவே கிடைக்கும், அதையே வாங்குங்கள். லேத்தில் கடைந்து வாங்கினால் காசு மிச்சம்தான், ஆனால் மையம் துளி விலகினாலும் மறுபடி சீல் போகும். போல்ட்டுகளை எதிரெதிராக 15, 37, 74 அடி-பவுண்டு என்று மூன்று சுற்றாக முறுக்குங்கள்.

அப்புறம் கன்வெர்ட்டர். உள்ளே ஒரு லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றி, கியர்பாக்ஸ் பக்கம் தள்ளிக்கொண்டே மெதுவாகச் சுழற்றுங்கள். 'டக்' என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே இறங்கும், மூன்று முறை இறங்க வேண்டும். இரண்டோடு நிறுத்திவிட்டு பெல் ஹவுசிங்கை போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் உடையும். கையால் தள்ளியே பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. நான் டிரில் பிட்டின் வால் பக்கத்தை விட்டுத்தான் பார்ப்பேன், ஃபீலர் கேஜைவிட இதுதான் கைக்கு வாகு. இடைவெளி அதிகமென்றால் வாஷர் போடலாம். இடைவெளியே இல்லையென்றால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

எஞ்சின் வேக்குவத்தை வைத்து கியர் மாறும் நேரத்தைச் சரிசெய்யும் வேக்குவம் மாடுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து நேராகக் குழாய் கொடுங்கள். வேக்குவம் போகாவிட்டால் கியர் தாமதமாக, உதைத்துக்கொண்டு மாறும்.

பின்சேர்க்கை: 6.0 லிட்டர் எல்எஸ் எஞ்சின் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஸ்பேசர் போட்டதும் இடைவெளியே இல்லை என்று கமெண்டில் எழுதியிருந்தார். 1999, 2000 வருடத்து இரும்பு ஹெட் 6.0-இல் கிராங்க் நீளமானது, அதற்கு ஸ்பேசர் தேவையில்லை. எந்த எஞ்சினானாலும் வாங்குவதற்கு முன் கிராங்க்கின் பின்முகத்தை அளந்துவிடுங்கள்.