டர்போ வண்டியில் நீலப் புகையா? ஆயில் கேட்ச் கேன் வாங்குமுன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

என்னுடையது பழைய 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம். டர்போ இல்லாமல் வந்த இன்ஜின். நான்தான் பிறகு டர்போ ஏற்றினேன். பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் கூடுதலாக ஊதும் அழுத்தம்) 0.5 பார். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும்தான் ஓட்டுகிறேன், ரோட்டுக்கு எடுப்பதில்லை.

டர்போ போட்ட பிறகு மூன்றாவது முறை டிராக்கில் இறங்கியபோது, நேர்ப்பாதையில் முழு பூஸ்ட் கொடுத்ததும் பின்னால் நீலப் புகை. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். டிப்ஸ்டிக் இரண்டு அங்குலம் மேலே எழும்பி நின்றது. பேட்டரி மூடியிலிருந்து ஃபயர்வால் வரை ஆயில் தெறித்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "டர்போ சீல் போயிடுச்சு" என்றார்கள். நானும் நம்பி டர்போவைக் கழற்றி வேறொன்று போட்டேன். புகை குறையவே இல்லை.

கடைசியில் கோளாறு டர்போவில் இல்லை, கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே, ஆயில் இருக்கும் அறை) காற்று வெளியேறும் வழியில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு ஹோஸையும் புரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும். இதுதான் ப்ளோ-பை. முன்பெல்லாம் அதைக் குழாய் வழியாகத் தரையைப் பார்த்து விட்டுவிடுவார்கள். புகைமூட்டத்துக்கு அதுவும் காரணம் என்று தெரிந்ததும் 1961-இல் கலிஃபோர்னியாவில், கிராங்க்கேஸ் காற்றை இன்ஜினுக்கே திருப்பும் பிசிவி வால்வைக் கட்டாயமாக்கினார்கள். அன்றிலிருந்து அந்தக் காற்று திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போய் எரிகிறது.

இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து இரண்டு ஹோஸ் போகும். ஒன்று பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்). இன்னொன்று ஏர் ஃபில்டர் பக்கம் போகிற ப்ரீதர் ஹோஸ். சாதாரண ஓட்டத்தில் மேனிஃபோல்டு உறிஞ்சும். ப்ரீதர் வழியாகச் சுத்தக் காற்று உள்ளே வந்து, ஆயிலில் கலந்த ஈரத்தையும் பெட்ரோல் ஆவியையும் கூட்டிக்கொண்டு பிசிவி வழியாகப் போகும். பூஸ்ட் வந்ததும் எல்லாம் தலைகீழ். மேனிஃபோல்டு இப்போது ஊதுகிறது. பிசிவி பக்கம் மூடிக்கொள்ள வேண்டும், ப்ளோ-பை முழுவதும் ப்ரீதர் வழியாக டர்போவின் வாய்ப்பக்கம் போக வேண்டும்.

டர்போ இல்லாமல் வந்த இன்ஜினின் பிசிவி வால்வு பூஸ்டைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. பின்பக்கமிருந்து ஊதினால் கசியும். அப்போது பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அங்கே அழுத்தம் ஏறினால், டர்போவிலிருந்து புவியீர்ப்பில் மட்டுமே கீழே வடிய வேண்டிய ஆயில் வடிய முடியாமல் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி சைலன்சருக்குள் போய்விடும். நீலப் புகை வந்தது இதனால்தான். டர்போவில் எந்தக் குறையும் இல்லை.

படி 1: அளப்பது

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். செலவு மிகக் குறைவு. ஹார்டுவேர் கடையில் கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் நான்கு மீட்டர் வாங்குங்கள். பழைய ஆயில் ஃபில்லர் மூடி ஒன்றில் துளை போட்டு, பித்தளை நிப்பிள் ஒன்றை எபாக்சி வைத்து ஒட்டி, டியூபின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள். டியூபை 'ப' வடிவத்தில் ஒரு பலகையில் கட்டி, நீலம் கலந்த தண்ணீரைப் பாதி அளவு ஊற்றுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். மூடிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காலி வாட்டர் பாட்டிலை இணையுங்கள். உறிஞ்சல் அதிகமாகித் தண்ணீர் இன்ஜின் பக்கம் ஏறினால் அது பாட்டிலில் விழும், இன்ஜினுக்குள் போகாது.

இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். 10 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். 70 செ.மீ. ஒரு பிஎஸ்ஐ. பலகையை முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பிடிக்க வேண்டும், ஓட்டுபவர் அதைப் பார்க்கக் கூடாது.

ஐடிலிங்கில் என் வண்டியில் 4 செ.மீ. உறிஞ்சியது, நல்லது. பூஸ்ட் கொடுத்த கணமே தண்ணீர் முழுவதும் திறந்த முனை வழியாகப் பீய்ச்சி, பலகையைப் பிடித்திருந்த நண்பர் மடியில் கொட்டியது.

பிறகு பிசிவி ஹோஸை லாக்கிங் பிளையரால் நெரித்து மூடிவிட்டு அதே பாதையில் மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை 5 செ.மீ. மட்டும் ஏறி நின்றது. அதாவது அழுத்தம் மேனிஃபோல்டிலிருந்துதான் வருகிறது, ரிங்கிலிருந்து இல்லை. ஹோஸை நெரித்தும், ப்ரீதர் வழி அடைப்பில்லாமல் திறந்திருந்தும் உங்களுக்கு அழுத்தம் குறையாவிட்டால் இங்கேயே நிறுத்திவிட்டு லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். தேய்ந்த ரிங்கை எந்த கேட்ச் கேனும் (காற்றோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) சரிசெய்யாது.

படி 2: நான்-ரிட்டர்ன் வால்வு (நான் தடுமாறிய இடம்)

பூஸ்ட் உள்ளே வருகிறது என்று தெரிந்ததும், பிசிவி வால்வைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போட்டேன். வாயால் ஊதிப் பார்த்தேன், ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போகவில்லை. பூஸ்டில் எல்லாம் சரி. ஆனால் ஐடிலிங் 1,600 ஆர்பிஎம்முக்கு ஏறி, பிறகு இறங்கவே இல்லை. ஒரு வாரத்தில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் ஆயில் தேங்கியிருந்தது.

பிசிவி வால்வின் வேலை பின்னோட்டத்தை நிறுத்துவது மட்டுமல்ல, அளந்து விடுவதும்தான். ஐடிலிங்கில் மேனிஃபோல்டு உறிஞ்சல் மிக அதிகம். அப்போது உள்ளே இருக்கும் சின்னப் பிளஞ்சர் இழுபட்டு வழியைக் குறுக்கிவிடும். நான்-ரிட்டர்ன் வால்வு அப்படிச் செய்யாது, முழுதாகத் திறந்துவிடும்.

ஆகவே இரண்டும் வேண்டும். வரிசை இதுதான்: டேப்பட் கவர், பிசிவி வால்வு, பிறகு நான்-ரிட்டர்ன் வால்வு, கடைசியில் மேனிஃபோல்டு. அம்புக்குறி மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். மாட்டுமுன் மேனிஃபோல்டுப் பக்கமாக சைக்கிள் பம்பால் காற்றடித்து, பஞ்சர் கடையில் செய்வது போல சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். ஒரு குமிழி வந்தாலும் வேண்டாம். பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் ஒட்டிப்போயிருக்கிறது, புதிது வாங்குங்கள்.

பலர் பிரேக் பூஸ்டரின் வால்வைப் போடுகிறார்கள். நான் போட மாட்டேன். அது சூடான ஆயில் ஆவிக்காகச் செய்ததில்லை.

படி 3: ப்ரீதர் ஹோஸ்

ப்ரீதரைக் கழற்றி அதில் குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகிவிடுவது நிறையப் பேர் செய்கிற காரியம். தயவுசெய்து வேண்டாம். டேஷ்போர்டு வழியாக ஆயில் நாற்றம் கேபினுக்குள் வரும், அந்த ஆவியைச் சுவாசிப்பது உங்கள் நுரையீரல். ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில், அளக்கப்படாத காற்று ப்ரீதர் வழியாக உள்ளே புகுந்து எரிபொருள் கணக்கும் கெடும். ப்ரீதர் ஏர் ஃபில்டருக்கும் டர்போவின் வாய்க்கும் நடுவில்தான் சேர வேண்டும்.

ப்ரீதர் ஹோஸின் உள்விட்டம் 19 மி.மீ. இருக்கட்டும். என் பழைய ஹோஸ் 9 மி.மீ. இருந்தது, துளையின் பரப்பு நாலரை மடங்கு வித்தியாசம். படி 1-இல் வந்த அந்த 5 செ.மீ. இந்த ஒடுங்கிய ஹோஸால்தான்.

ஹோஸ் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் மட்டும். நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும் சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் சாதாரண சிலிக்கான் ஆயில் பட்டால் ஊறி மெத்தென்றாகிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அது சப்பி ஒட்டிக்கொண்டால் வழியே அடைபட்டுவிடும். எங்கேயும் தொங்கலாக வளைத்து விடாதீர்கள், அந்தக் குழியில் ஆயில் தேங்கும்.

படி 4: இப்போது கேன்

கேனைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அது அழுத்தத்தைக் குறைக்காது என்பதே. காற்றோடு வரும் ஆயில் துளிகளைப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. அதுவும் முக்கியம்தான்: ஆயில் இன்டர்கூலருக்குள் (டர்போ ஊதும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) படியும், எரியும் கலவையில் சேர்ந்தால் நாக்கிங்கும் (கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) எளிதில் வரும்.

வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். ஆன்லைனில் மலிவாக வருபவை பெரும்பாலும் உள்ளே வெறும் டப்பா. தடுப்புத் தகடும் ஸ்டீல் வலையும் இருக்க வேண்டும். வலைக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை அடைக்காதீர்கள், கம்பி உதிர்ந்து டர்போவுக்குள் போகும். நான் உள்ளூர் லேத்தில் அலுமினியத்தில் டிக் வெல்டிங் செய்து, அடியில் வடிகால் குழாயோடு செய்துகொண்டேன். அதை ப்ரீதர் வழியில், டேப்பட் கவரைவிடத் தாழ்வாக, டர்போவின் சூடு படாத இடத்தில் மாட்டினேன். பிசிவி வழியிலும் வைக்க நினைத்தால், நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்பாக வையுங்கள். இல்லையென்றால் கேனுக்குள் பூஸ்ட் ஏறும்.

பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு: எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி திறந்த ப்ரீதர் உள்ள வண்டியில் கேட்ச் டேங்க் கட்டாயம். 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர்.

பின்சேர்க்கை 1. ஒரு வாசகர், பூஸ்டில் ஆயில் வரக் கூடாது என்று ப்ரீதரிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டு ஆயில் சீல் ஒன்றை இழந்திருக்கிறார். அந்த ஹோஸில் காற்று இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். அங்கே எந்த வால்வும் கூடாது.

பின்சேர்க்கை 2. கம்பெனியிலேயே டர்போவோடு வந்த வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். அவற்றில் பலவற்றில் ஆயில் பிரிப்பானும் அழுத்தம் கட்டுப்படுத்தும் ரப்பர் டயாஃப்ரமும் ஒரே பாகமாக இருக்கும். ஐடிலிங்கில் கீச்சென்ற விசில் சத்தம் வந்து, ஆயில் மூடியும் இறுக்கமாக உறிஞ்சப்பட்டிருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். கேன் வேண்டாம், அந்தப் பாகத்தை மாற்றுங்கள். சூப்பர்சார்ஜர் வண்டியில் த்ராட்டில் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு) ப்ளோயருக்கு (காற்றை ஊதும் சூப்பர்சார்ஜருக்கு) முன்னால் இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் பூஸ்ட் வராது. பிசிவியை அங்கே இணைக்கலாம்.

பின்சேர்க்கை 3. டொரண்டோவிலிருந்து ஒருவர்: குளிரில் கேனில் சேர்ந்த தண்ணீர் உறைந்து வழி அடைபட்டு, டிப்ஸ்டிக் எழும்பிவிட்டதாம். அங்கே இருப்பவர்கள் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள். இங்கேயும் ஊட்டிக் காலைகளில் கேனில் மோர் போல வெளுத்த திரவம் நிற்கும். அது ஆயிலும் தண்ணீரும் பெட்ரோலும் கலந்தது, திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 4. போன வாரம் மறுபடி மட்ட டியூபைக் கட்டி அளந்தேன். முழு பூஸ்டில் 1 செ.மீ. உறிஞ்சல். முதலில் சீல் போய்விட்டது என்று கழற்றிப் போட்டேனே, அந்தப் பழைய டர்போவைத் துடைத்து மறுபடி மாட்டி ஒரு நாள் முழுக்க டிராக்கில் ஓட்டினேன். துளி புகை இல்லை.